பட்டால் கை தூக்கு

ஜெயபிரகாஷ் மூன்றாவது முறையாகப் போன் செய்தபோது கோகிலவாணி செக்கிங் மேசை முன்னால் நின்றிருந்தாள். பள்ளிபாளையத்தில் அந்தத் துண்டுக் கம்பெனியில் ஐந்து வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. நெய்து வந்த துண்டைக் குழல்விளக்கின் கீழே விரிக்க வேண்டும். இழை விட்டிருந்தாலோ எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ள வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாள், சிரிக்காமல்.

"வாணி, விழா மலரு நாளைக்கு அச்சுக்குப் போவுது. உன்ர பக்கம் மட்டுந்தான் பாக்கி. மாஸ்டரப் பத்தி ஒரு நாலு வரி குடு."

"நான் எழுதுனா நல்லாருக்காது, ஜேபி."

"பன்னெண்டு வருசம் அவருகிட்டக் கம்பு சுத்துனவ. உன்னைய உட்டுப்போட்டு மலரு போட்டா ஊரு என்னையத் திட்டும்."

"திட்டட்டும். நீ போலீசுதான, உள்ள புடிச்சுப் போடு."

அவன் சிரித்தான். அவனுக்கு எதற்கும் சிரிப்பு வரும். சேலத்தில் போலீஸ் வேலை, புல்லட் வண்டி, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகிவிட்டவன். குழந்தைவேல் மாஸ்டர் பள்ளிபாளையத்தில் சிலம்பம் சொல்லித்தர ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகிறது என்று பழைய மாணவர்களெல்லாம் சேர்ந்து மண்டபம் பிடித்து விழா எடுக்கிறார்கள். மலர், மாலை, மதியச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் இவன்தான் முன்னால் நின்றான்.

கோகிலவாணி போனை வைத்துவிட்டு நான்கு துண்டுகளை விரித்துப் பார்த்தாள். ஐந்தாவது துண்டில் ஒன்றும் இல்லை. இருந்தும் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து அடித்தாள்: 'மாஸ்டருக்குக் கண் ரொம்பக் கூர்மை. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அதற்கு நானே சாட்சி.'

ஒவ்வொரு எழுத்திலும் நஞ்சு வைத்துத்தான் எழுதினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. மூன்று கும்பிட்ட கைகள், ஒரு பூங்கொத்து. 'சூப்பர் வாணி. பெரிய எழுத்துல முதல் பக்கத்துலயே போடறேன்.'

அவளுக்குப் போனை மேசையில் அறைய வேண்டும் போலிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் நடந்த மாநிலப் போட்டியில் பெண்கள் பிரிவின் இறுதி ஆட்டம் அவளுக்கும் செல்வமேரிக்கும். செல்வமேரி சேலத்துப் பெண். குட்டையான உடம்பு, அவசரமே இல்லாத கை. கம்பின் நுனி எதிராளி மேல் பட்டால் ஒரு புள்ளி. இருவர் கம்பும் பட்டால் முதலில் பட்டது எதுவோ அதற்கே புள்ளி.

மாஸ்டரின் மைதானத்தில் பயிற்சிக் கம்பின் நுனியில் துணி சுற்றிக் காவிப்பொடியில் தோய்த்து வைத்திருப்பார்கள். பட்டால் சட்டையில் சிவப்பாகத் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்துத் தோல்வியை ஒத்துக்கொள்வது மாஸ்டருக்கு ஆகாது. பட்டவர் அந்தக் கணமே கை தூக்க வேண்டும். அவரிடம் இருந்தது அந்த ஒரு சட்டம்தான். "பட்டாக் கையத் தூக்கு. பொடி சொல்றதுக்கு முன்னால நீ சொல்லு." கை தூக்காமல் நின்று, பிறகு சட்டையில் காவி தெரிந்துவிட்டால் அந்தப் பிள்ளை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். ஓடுவது பெரிதில்லை. அன்று முழுக்க அவர் அந்தப் பிள்ளையோடு பேச மாட்டார். அதுதான் பெரிது.

போட்டியில் பொடி கிடையாது. நடுவர்களின் கண்தான்.

புள்ளி சமமாக நின்றது. பத்து விநாடி இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். கோகிலவாணியின் கம்பு செல்வமேரியின் தொடையில் பட்டது. நடுவர்களின் கொடி இவள் பக்கம் எழுந்தது. மேலே இருக்கையில் அவள் அம்மா வள்ளியாத்தாள் "என்ர சாமீ!" என்று கத்தியது கீழே வரைக்கும் கேட்டது. செல்வமேரி மட்டும் கம்பைத் தாழ்த்தவில்லை. இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், எதற்கோ காத்திருப்பதைப் போல.

அப்போதுதான் பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து குழந்தைவேல் மாஸ்டர் எழுந்தார். கையைத் தூக்கினார்.

"என்ர புள்ள மேல மொதல்ல பட்டுப்போச்சுங்க. இடது தோளு."

நடுவருக்குப் புரியவில்லை. "சார், நீங்க இவங்களுக்குத்தான கோச்சு?"

"ஆமாங்க. அதனாலதானுங்க சொல்றேன்."

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கொடி மறுபக்கம் போயிற்று.

அந்த வருஷம் மாநிலத் தங்கம் வாங்கியவர்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எடுத்தார்கள். ஆண்கள் பிரிவில் ஜெயபிரகாஷ் போனான். பெண்கள் பிரிவில் செல்வமேரி போனாள். கோகிலவாணி வெள்ளிப் பதக்கத்தோடு ஈரோட்டு பஸ்ஸில் ஏறினாள். மாஸ்டர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சேலத்திலிருந்து பள்ளிபாளையம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. சங்ககிரியில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் சற்று நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு, டீயை ரோட்டோரம் ஊற்றிவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு அவள் மைதானத்துக்குப் போகவில்லை. அவரும் ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

விழா அழைப்பிதழை அம்மாவிடம் காட்டியபோது வள்ளியாத்தாள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். படத்தில் மாஸ்டர் கோட்டு போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் யாரோ மாட்டிவிட்ட கோட்டு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்.

"ஆருடி இது, கலியாணத்துக்குப் போற கவுன்சிலராட்ட? பெத்த புள்ளையாட்ட வளத்து நடு ஊட்ல கழுத்த அறுத்த கையி. அதுக்கு மாலை வேற போடறானுவளா?"

"என்னைய மேடைக்குக் கூப்புட்டிருக்கறாங்கம்மா."

"போ. போயி நல்லாக் கேளு. நாலு பேரு முன்னால நாக்கப் புடுங்கிக்கற மாதிரிக் கேட்டுப்போட்டு வா. நானும் வாரேன். முன்னால உக்காந்து பாக்கோணும்."

அன்று சேலத்துப் போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கோகிலவாணி அம்மாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "படவே இல்லம்மா." வள்ளியாத்தாளுக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையிலேயே மாஸ்டரின் வாசலுக்குப் போய் ஒரு கைப்பிடி மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். தெருவே கூடிப் பார்த்தது. மாஸ்டர் வெளியே வந்து, எல்லாத் திட்டையும் நின்று கேட்டார். உள்ளே போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வள்ளியாத்தாள் ரேஷன் கடைக்குப் போவதென்றாலும் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. பின்னால் தறிக்குடோனைச் சுற்றிக்கொண்டு போவாள். சுற்று வழி, வெயில், மூட்டு வலி. ஆனாலும் சுற்றித்தான் போவாள்.

"உம் மகளையே கேளு" என்று அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது கோகிலவாணியின் கோபத்தைக் குறைக்கவில்லை. இன்னும் ஏற்றித்தான் விட்டது. அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று எத்தனையோ நாள் படுத்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். பயமா, திமிரா, இரக்கமா? இரக்கமாக மட்டும் இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொள்வாள்.

தோளில் அன்று ஏதோ பட்டது உண்மை. அது கம்பா, சட்டையின் மடிப்பா, வேகத்தில் வந்த காற்றா என்று ஆரம்பத்தில் தனக்குள்ளேயே வழக்கு நடத்தினாள். பிறகு வழக்கு நடத்துவதை விட்டுவிட்டாள். சட்டை மடிப்பு என்று தீர்ப்பாகிவிட்டது. ஆறு வருஷம் ஒரே தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தால் அது கேட்பதற்கு உண்மை மாதிரியே இருக்கும்.

இப்போது அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. விழாவில் மரியாதை ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு காலத்து மாணவர்களில் ஒருவர் மேடையேறி மாஸ்டரோடு கம்பு வீச வேண்டும். இரண்டு மூன்று வீச்சுக்குப் பிறகு மாணவர் வேண்டுமென்றே காவலை விட்டுக் கொடுப்பார். மாஸ்டர் தொடுவார். மாணவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார். போட்டோ எடுப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த நாடகம்.

கோகிலவாணி காவலை விடப் போவதில்லை. அவரைத் தொடப் போகிறாள். இடது தோளில், அதே இடத்தில். பொடி இருக்காது, நடுவர் இருக்க மாட்டார், கம்பு போகும் வேகத்தில் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பட்டது அவருக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அத்தனை பேர் முன்னால், மாலையும் கழுத்துமாக, முப்பது வருஷப் பெருமையோடு நிற்கிற மனுஷன் கை தூக்குவாரா? தூக்க மாட்டார். யாரும் தூக்க மாட்டார்கள். கை தூக்காமல் நிற்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். அவர் அப்படி நின்றதும் மைக்கை வாங்கி ஊருக்கே சொல்வாள்: "இந்தா பாருங்க, இவரு மேலயும் பட்டுச்சு. கை எங்க?" அதோடு கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் இருக்கும் தெருவில் அம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம்.

இரண்டு வாரம் மொட்டை மாடியில் பழகினாள். பாழாய்ப்போன உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை. காலடி வைக்கும்போதெல்லாம் அவர் குரல்தான் கேட்டது. "காலு அகலம். காலு அகலம்." பல்லைக் கடித்துக்கொண்டு காலைக் குறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிரம்பியிருந்தது. வாசலில் கோட்டுப் போட்ட மாஸ்டரின் ஃப்ளெக்ஸ் ஆளுயரத்துக்கு நின்றது. மலர் எல்லார் கையிலும் இருந்தது. முதல் பக்கத்தில் அவள் அனுப்பிய மூன்று வரி, ரோஜாப்பூ கரை போட்ட கட்டத்துக்குள். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அருமையா எழுதிருக்கற கண்ணு. மாஸ்டருக்கு நீ இல்லாம அத்தன வெசனம்."

"அவரு சொன்னாருங்களா?"

"அவரு எங்க வாயத் தொறக்கறாரு? நாங்களாச் சொல்றதுதான்."

மாஸ்டர் மணமகன் அறையில் உட்கார்ந்து முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. முடி கொட்டியிருந்தது. மூக்கில் கண்ணாடி இருந்தது. அவள் கதவருகில் நின்றாள். அவர் பட்டையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வந்துட்டயா, அம்மிணி."

"வந்துட்டேனுங்க."

வெளியே நாதஸ்வர சிடி ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு கூர்மைன்னு எழுதிருந்தயாமா."

"ஆமாங்க."

"இப்பக் கண்ணாடி போட்டாத்தான் பஸ் போர்டு தெரியுது." கம்பை ஊன்றி எழுந்தார். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. "மரியாதை ஆட்டத்துல உம் பேரும் போட்டிருக்கறானுவ. நாடகமெல்லாம் எனக்குப் புடிக்காது. புள்ளைக கேக்க மாட்டீங்கறாங்க."

"நாடகம் ஆட நான் வரலீங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் பார்த்த அதே பார்வை. அதில் எதைத் தேடினாலும் கிடைக்காது.

"ம்," என்றார்.

மேடையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். முதலில் பேங்க் மேனேஜர் ஆகிவிட்ட அன்பரசு. தொந்தி குலுங்க இரண்டு வீச்சு வீசிவிட்டுக் கம்பைத் தாழ்த்தினான். மாஸ்டர் அவன் வயிற்றைத் தொட்டார். "பெரிய எடமாப் பாத்துத் தொட்டுட்டீங்க மாஸ்டர்!" என்று மைக்கில் ஜெயபிரகாஷ் சொல்ல, மண்டபம் சிரித்தது. காலில் விழுதல், போட்டோ. அடுத்து போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கும் சின்னண்ணன். அவன் வீசவே இல்லை, ஏறியதும் காலில் விழுந்துவிட்டான். மாஸ்டர் ஒவ்வொருவரையும் தொட்டுவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் நான்கு மாலைகள் ஏறியிருந்தன.

"அடுத்தது நம்ம தங்க மங்கை... மன்னிக்கோணும், வெள்ளி மங்கை கோகிலவாணி!"

மண்டபம் மறுபடி சிரித்தது. முன் வரிசையில் வள்ளியாத்தாள் மடியில் மலரை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாற்காலி தள்ளி மாஸ்டரின் மனைவி இருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மாஸ்டர் மாலைகளைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மற்றவர்களோடு ஆடும்போது கழற்றாதவர். இவருக்குத் தெரிந்துவிட்டது.

முதல் வீச்சு அவளுடையது. அவர் தடுத்தார். கம்போடு கம்பு மோதிய சத்தத்தில் மண்டபத்தின் சிரிப்பு நின்றது. இரண்டாவதையும் தடுத்தார். அவர் கை பழைய கைதான், கால்தான் ஒரு அரைக் கணம் பின்தங்கி வந்தது. வலது முழங்கால். அதைப் பார்த்ததும் அவளுக்குள் யாரோ பார்க்காதே என்றார்கள். பார்த்தாள். வலப்பக்கம் வருவதாகக் காட்டி அவரை அந்தக் காலில் திரும்ப வைத்து, அவர் திரும்பி முடிப்பதற்குள் இடப்பக்கம் உள்ளே போனாள்.

கம்பின் நுனி அவர் இடது தோளைத் தொட்டது.

கம்பு வழியாக அந்தத் தொடுகை அவள் உள்ளங்கைக்கு வந்தது. எலும்பின் மேல் பட்ட சின்ன அதிர்வு. அதைச் சட்டை மடிப்பு என்று சொல்ல முடியாது. காற்று என்று சொல்ல முடியாது. தொட்ட கைக்கே இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதென்றால் பட்ட தோளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவள் நினைக்கத் தொடங்கினாள். ஆனால் அவள் நினைத்து முடிப்பதற்குள், வீசிய வேகத்தில் மேலே வந்த அவர் கம்பு அவள் இடுப்பில் பட்டுவிட்டது.

"மாஸ்டருன்னாச் சும்மாவா!" ஜெயபிரகாஷ் மைக்கில் கூவினான். "வெற்றி மாஸ்டருக்கே!"

கைதட்டல் எழுந்தது. போட்டோக்காரன் காலில் விழும் காட்சிக்காகக் குனிந்து தயாரானான். கோகிலவாணி மாஸ்டரைப் பார்த்தாள். இப்போது சும்மா நில்லுங்கள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சினாள். ஆமாம், கெஞ்சினாள். சும்மா நின்றுவிடுங்கள் போதும்.

அவர் கை ஏற்கனவே மேலே இருந்தது.

கைதட்டல் தேய்ந்தது. எதற்காகக் கை தூக்குகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. வணக்கம் வைக்கிறார் என்று நினைத்துப் பின்வரிசையில் சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

"என்னங் மாஸ்டர்? தண்ணி வேணுங்களா?"

"பட்டுச்சு," என்றார் மாஸ்டர். கம்பை இடுக்கிக்கொண்டு இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் புள்ள கம்பு மொதல்ல பட்டுப்போச்சு. நாந் தோத்துட்டேன். மைக்குல சரியாச் சொல்லுடா."

ஜெயபிரகாஷ் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு சுதாரித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இதுதான் எங்க மாஸ்டர்!" என்று ஏதேதோ சொன்னான். மறுபடியும் கைதட்டல். இந்த முறை பெரிய கைதட்டல். அவன் மைக்கைக் கோகிலவாணியின் கையில் திணித்தான். "வாணி, ரெண்டு வார்த்த. நம்ம மாஸ்டரப் பத்தி."

மைக் கனத்தது. இதற்காகத்தான் வந்தாள். இரண்டு வாரம் மாடியில் பழகியது கம்பை மட்டுமில்லை, இந்தப் பேச்சையும்தான். அதில் ஒரு வாக்கியம்கூட இப்போது பயன்படாது. இந்த மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை. ஆறு வருஷம் அடைகாத்த கோபத்துக்கு நிற்க ஓர் இடமாவது விட்டு வைத்திருக்கலாம். ஒரே ஒரு முறை சாதாரண ஆள் மாதிரி நடந்திருக்கலாம். அவரை அந்த நிமிடம் வெறுத்த மாதிரி அவள் சேலத்தில்கூட வெறுக்கவில்லை.

மண்டபம் காத்திருந்தது. அம்மா தலையை அசைத்தாள்: கேளு, கேளு. பக்கத்தில் மாஸ்டர் கம்பை ஊன்றி நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கவில்லை. எதற்கும் காத்திருக்கவும் இல்லை. செல்வமேரி அன்று காத்திருந்தாள். அந்த முகம் நினைவுக்கு வந்தது. அதில் கோபமே இல்லை. ஒரு கை மேலே வரும் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. செல்வமேரிக்கும் எங்கோ ஒரு மாஸ்டர் இருந்திருக்க வேண்டும்.

கோகிலவாணி இடது கையில் இருந்த கம்பைக் கீழே வைத்தாள். அந்தக் கையைத் தூக்கினாள். தோள் வலித்தது. இரண்டு வாரப் பழக்கத்தில் வந்த வலியாக இருக்கலாம்.

"சேலத்துல, ஆறு வருசத்துக்கு முன்னாடி," என்றாள். குரல் மைக்கில் யாருடையதோ போல வந்தது. "என்ர மேல மொதல்ல பட்டுச்சுங்க. எனக்குத் தெரியும். கை தூக்கல. மாஸ்டர் சொன்னதுதான் நெசம்."

மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்றே தெரியாது. தெரிந்த பாதிப் பேர் கைதட்டவில்லை. கோகிலவாணி அம்மாவைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். வள்ளியாத்தாள் மலரை மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, இன்னும் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மைக்கைக் கொடுத்துவிட்டு மாஸ்டரின் பக்கம் திரும்பினாள். காலில் விழவில்லை. போட்டோக்காரன் ஏமாந்துபோய் நிமிர்ந்தான்.

"ஆறு வருசமாச்சா அந்தக் கை மேல வர?" என்றார் மாஸ்டர், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"உங்க மேல இருக்கற கோவம் இன்னும் போவலீங்க."

"நாங் கேட்டனா?" அவர் மாலைகள் கிடந்த நாற்காலியைப் பார்த்து நொண்டி நடந்தார். இரண்டு அடி வைத்ததும் நின்றார். திரும்பவில்லை. "காலு இன்னும் அகலமாத்தான் வெக்கற. என்ர முட்டி நல்லா இருந்திருந்தா உன்ர கம்பு பட்டிருக்காது."

அது உண்மை. இரண்டு வாரமும் அந்தக் காலோடுதான் அவள் சண்டை போட்டாள்.

வள்ளியாத்தாள் சாப்பிடவில்லை. பந்தி தொடங்கும் முன்பே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கோகிலவாணி பின்னால் ஓடினாள். உச்சி வெயில். கடைகளெல்லாம் பாதி அடைத்திருந்தன. அம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. மெயின் ரோட்டைத் தாண்டி, தபால் ஆபீசைத் தாண்டி, மாஸ்டரின் தெரு பிரியும் முனை வரைக்கும் இருவருக்கும் இடையில் பத்தடி இருந்தது. அந்தப் பத்தடி குறையவே இல்லை.

முனையில் வள்ளியாத்தாள் நின்றாள். நேராகப் போனால் மாஸ்டரின் வீட்டைத் தாண்டி மூன்று நிமிடத்தில் வீடு. இடப்பக்கம் தறிக்குடோனைச் சுற்றினால் கால் மணி நேரம்.

"படவே இல்லன்னு சொன்னயேடி."

"ஆமாம்மா."

"உன்ர பேச்சக் கேட்டு மண்ணத் தூத்துனேனே. அந்தாளு நின்னு வாங்கிக்கிட்டாரே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா என்று தெரியவில்லை. "அப்பவே அவரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, உம் மகளையே கேளுன்னு. அப்ப நான் எதுக்கு இத்தன நாளு..."

முடிக்கவில்லை. கோகிலவாணி பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தாள். வள்ளியாத்தாள் உதறினாள்.

"எட்டப் போ. கை வெக்காத."

"நேரா வாம்மா. வெயிலா இருக்குது. முட்டி வலிக்கும்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த ஊட்டத் தாண்டிப் போவச் சொல்ற?" என்றாள் வள்ளியாத்தாள். இடப்பக்கம் திரும்பி நடந்தாள். ஒரு காலைச் சற்றே இழுத்து, சுவர் நிழலை ஒட்டி, ஆறு வருஷமாகப் போன வழியில் போனாள். அப்போது கோபத்தில் போனாள். இனி வேறொன்றில் போவாள்.

கோகிலவாணி முனையில் வெகுநேரம் நின்றாள். அம்மாவின் முதுகு குடோன் சுவருக்குப் பின்னால் மறைந்தது. பின்னால் போகலாம். போனால் அம்மா பேச மாட்டாள். வீட்டிலும் பேச மாட்டாள். எத்தனை நாளுக்கு என்று தெரியாது.

நேர்த் தெருவில் நடந்தாள். மாஸ்டரின் வீடு பூட்டியிருந்தது. எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். வாசலில் நேற்றைய கோலம் பாதி அழிந்து கிடந்தது. அதை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி, காலைக் குறுக்கி அடி வைத்து, தாண்டிப் போனாள்.